நடக்க இயலாதவர்க்கு எதிரே வரும் தெய்வம்

சென்னையில் பணிபுரியும் பிள்ளையின் இல்லத்துக்கு ஊரிலிருந்து தாயும் தந்தையும் வந்து இறங்கிய மறுநாளே, வீட்டில் ஒரு பட்டியல் தயாராகிவிடுகிறது. காலையில் மயிலாப்பூர், பத்து மணிக்குத் திருவல்லிக்கேணி, பிற்பகலில் வடபழனி, மாலையில் பெசன்ட் நகர், இரவுக்குள் கடற்கரை. பெற்றோருக்கு எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற பிள்ளைகளின் ஆவலில் குறை காண்பதற்கில்லை. ஆனால் இரண்டாவது கோயிலைக் கடப்பதற்குள் தாய் ஒரு மண்டபத் திண்ணையில் அமர்ந்து, "நீங்கள் போய்ச் சேவித்துவிட்டு வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்" என்று சொல்லிவிடுகிறார். அந்தச் சொல்லுக்குள் மூட்டு வலி ஒளிந்திருக்கிறது. பிள்ளைகள் வருந்துவார்களே என்று அதை வெளியே சொல்லாத மனமும் ஒளிந்திருக்கிறது.

முதுமையில் தரிசனத்தை எண்ணிக்கையால் அளக்க வேண்டியதில்லை என்பதற்கு அடியார்களின் வரலாறே சான்று. திருநாவுக்கரசர் பெருமான் முதிர்ந்த வயதில் கயிலையைக் காணப் புறப்பட்டார். பாதங்கள் தேய்ந்தன, கைகளால் ஊர்ந்தார். கைகள் ஓய்ந்தன, மார்பால் தவழ்ந்தார், உருண்டார். இறைவன் ஒரு முனிவர் வடிவில் எதிர்ப்பட்டு, அங்கிருந்த பொய்கையில் மூழ்கச் செய்து, திருவையாற்றில் எழச் செய்து, அங்கேயே கயிலைக் காட்சியை அருளினார். திருப்பாணாழ்வாரோ உலோகசாரங்க முனிவரின் தோள்மேல் சுமக்கப்பட்டுத் திருவரங்கன் சந்நிதியை அடைந்தார். அதனாலேயே முனிவாகனர் என்ற திருநாமம் பெற்றார். ஆகவே, பிள்ளையின் தோளைப் பற்றிக்கொண்டு செல்வதிலோ சக்கர நாற்காலியில் அமர்ந்து செல்வதிலோ கூச்சம் கொள்ள ஏதுமில்லை.

ஒரு பொழுதுக்கு ஒரு கோயில். இந்த ஒரு நியமத்தைக் கைக்கொண்டால், சென்னை மாநகரம் மூத்தோருக்கு மிகவும் இணக்கமான தலமாகிவிடும். இங்குள்ள பழம்பெரும் கோயில்கள் பலவும் மலைமேல் இல்லாமல் சமதரையில் அமைந்தவை. வாகனத்தில் வாயிலின் அருகே வரை செல்லத்தக்கவை.

மயிலையில் ஒரு பிரதோஷ மாலை

மயிலை கபாலீசுவரர் திருக்கோயிலின் கிழக்கு இராஜகோபுரம் 1906-ஆம் ஆண்டு எழுப்பப்பட்டது. ஏறத்தாழ 120 அடி உயரம். வண்டியில் அமர்ந்தபடியே அதைக் கண்டு கைகூப்பலாம். கபாலீசுவரர் மேற்கு நோக்கி எழுந்தருளியிருப்பதால், திருக்குளத்தை ஒட்டிய மேற்கு வாயில் வழியே நுழைவோருக்குக் கொடிமரமும் சுவாமி சந்நிதியும் நேரெதிரே அமைகின்றன. நடை குறைய வேண்டுவோர் இந்த வாயிலைத் தேர்ந்துகொள்ளலாம்.

மாதம் இருமுறை வரும் பிரதோஷ மாலையில், நந்தியெம்பெருமானுக்கு அபிஷேகம் நடைபெற்ற பின், சுவாமியும் அம்பாளும் இடப வாகனத்தில் திருச்சுற்றில் வலம் வருவார்கள். அபிஷேகம் நடக்கும் இடத்தில் நெரிசல் மிகுதி. மூத்தோர் அங்கே நின்று தவிக்க வேண்டாம். நான்கு மணிக்கே வந்து அம்பாளைச் சேவித்துவிட்டு, வெளிப் பிராகாரத்தில் ஓர் ஓரமாக அமர்ந்துவிடலாம். அடியார் சுவாமியைச் சுற்றிவர இயலாதபோது, சுவாமியே அடியார் இருக்கும் இடத்தைக் கடந்து வருகிறார். ஒரு சுற்றில் கண் நிறையவில்லை என்றால் அடுத்த சுற்றிலும் வருகிறார். சனிப் பிரதோஷத்தன்று கூட்டம் பன்மடங்காகும். அன்றைய நாளைத் தவிர்ப்பது நலம்.

புன்னை மரத்தடியில் அம்பிகை மயில் வடிவில் பூசித்த கோலத்தையும், பூம்பாவையின் சந்நிதியையும் காணத் தவறக் கூடாது. அரவம் தீண்டி மாண்ட பூம்பாவையின் எலும்பும் சாம்பலும் இருந்த குடத்தின்முன் நின்று பதிகம் பாடினார் திருஞானசம்பந்தர். மயிலையின் திருவிழாக்களைப் பாடலுக்கு ஒன்றாகப் பெயர் சொல்லி, இதைப் பார்க்காமலே போய்விடுவதா என்று அவளை அவர் கேட்கிறார். இறந்தவளை எழுப்புவதற்கு அவர் நினைவூட்டியது திருவிழாக் காட்சிகளைத்தான். 'கண்மூடுவதற்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்' என்று ஊரில் பெரியவர்கள் சொல்லும் ஏக்கத்தின் ஆழம் இந்தச் சந்நிதியில் புரியும்.

அப்பதிகம் குறிப்பிடும் விழாக்களுள் தைப்பூசமும் ஒன்று. அதையொட்டிய நாட்களில் திருக்குளத்தில் தெப்பம் நடைபெறுகிறது. குளக்கரையில் ஓரிடத்தில் அமர்ந்து காணத்தக்க விழா இது. பங்குனிப் பெருவிழாவின் அறுபத்துமூவர் உலாவுக்கோ நகரமே திரண்டு வரும். முதியோரை அந்நெரிசலுக்குள் அழைத்துச் செல்லாமல், அதே பெருவிழாவின் மற்ற நாட்களில் ஒரு புறப்பாட்டை மாட வீதியில் நாற்காலி போட்டுக் காணச் செய்யலாம்.

திருவல்லிக்கேணியில் ஐந்து மூர்த்திகள்

நூற்றெட்டுத் திவ்ய தேசங்களுள் ஒன்றான திருவல்லிக்கேணி, தொலைதூர யாத்திரை இனி இயலாது என்று எண்ணுவோருக்கு ஆறுதல் தரும் தலம். மூலவர் வேங்கடகிருஷ்ணர் மீசையுடன், ருக்மிணிப் பிராட்டியும் பலராமரும் உள்ளிட்ட குடும்பத்தாரோடு காட்சி தருகிறார். அதே கோயிலுக்குள் பள்ளிகொண்ட ரங்கநாதர், இராமபிரான், கஜேந்திர வரதர், யோக நரசிம்மர் ஆகியோரும் தனித்தனிச் சந்நிதிகளில் அருள்பாலிக்கிறார்கள். திருமலையும் திருவரங்கமும் காஞ்சியும் அயோத்தியும் நினைவில் எழ, ஒரே மதிலுக்குள் சேவை நிறைவேறுகிறது.

வேங்கடகிருஷ்ணர் கிழக்கு நோக்கியும், நரசிம்மர் மேற்கு நோக்கியும் எழுந்தருளியிருப்பதால் கோயிலுக்கு இரு புறமும் கோபுர வாயில் உண்டு. உற்சவர் பார்த்தசாரதியின் திருமுகத்தில் காணும் தழும்புகள், பாரதப் போரில் தேரோட்டியாக இருந்தபோது பீஷ்மரின் அம்புகளை ஏற்ற அடையாளம் என்பர். பக்தனுக்காகக் காயம்பட்ட பெருமான், பக்தரின் முழங்கால் வலியை அறியாதவரா?

இத்தலத்தில் ஆண்டு முழுவதும் புறப்பாடுகள் மிகுதி. ஏகாதசி, அமாவாசை, பௌர்ணமி போன்ற நாட்களில் பெருமாள் மாட வீதிக்கு எழுந்தருளுவது வழக்கம். அன்றைய நேரத்தைக் கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறிந்து, வீதியோரம் அமர்ந்து சேவிக்கலாம். மகாகவி பாரதியார் தம் இறுதி நாட்களில் வாழ்ந்த இல்லம் கோயிலுக்கு அருகிலேயே நினைவில்லமாக இருக்கிறது. களைப்பு இல்லாவிடில் அதையும் காணலாம்.

திருவான்மியூரும் பெசன்ட் நகரும்

திருவான்மியூர் மருந்தீசுவரர் அகத்தியருக்கு மருந்துகளின் தன்மையை உபதேசித்தவர் என்பது தலபுராணம். உடல்நோய் தீர வேண்டுவோர் நாடிவரும் சந்நிதி இது. அப்பைய தீட்சிதர் தரிசனத்துக்கு வந்தபோது வெள்ளம் சூழ்ந்து, சந்நிதியின் முன்புறத்தை அடைய முடியாமல் நின்றதாகவும், அவருக்காக இறைவன் மேற்கு நோக்கித் திரும்பியதாகவும் சொல்வார்கள். சுற்றிவர இயலாத அடியாருக்காகச் சுவாமியே திரும்பிய தலம் என்று எண்ணி வணங்கும்போது, மூத்தோரின் மனத்தில் ஒரு தெம்பு பிறக்கும். பிராகாரம் விசாலமானது, காலைப் பொழுதில் அமைதியாக அமர்ந்து திருமுறை ஓத ஏற்றது.

அங்கிருந்து சிறிது தொலைவில் பெசன்ட் நகர்க் கடற்கரை. 1976-இல் குடமுழுக்கு கண்ட அஷ்டலக்ஷ்மி கோயில் பல நிலைகளாக எழுந்தது. எட்டுச் சந்நிதிகளையும் காணப் படியேற வேண்டும். ஏற இயலாதவர்கள் கீழ்நிலைச் சந்நிதிகளை வணங்கி அலையோசை கேட்டு அமர்ந்திருக்கலாம்; மேலே உள்ள தாயாருக்கு அந்த வணக்கம் எட்டாமல் போகாது. அருகிலேயே அறுபடை வீடு முருகன் கோயில் உள்ளது. பழநியையும் சுவாமிமலையையும் திருத்தணிகையையும் படியேறிச் சேவித்த நாட்களை நினைத்துக்கொண்டு, ஆறுபடை முருகரையும் ஒரே வளாகத்தில் தரிசிக்கலாம்.

கடலைக் கண்டிராத உள்ளூர்ப் பெரியவர்களுக்கு மெரினாவின் மணற்பரப்பே ஒரு தடையாக இருந்தது. 2022-ஆம் ஆண்டு அங்கே மாற்றுத்திறனாளிகளுக்காக மரத்தாலான சாய்வுப் பாதை அமைக்கப்பட்டது. சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே அதன் வழியே அலைகளின் அருகே சென்று கடலரசனை வணங்கலாம்.

திருநின்றவூர்: மனமே கோயில்

ஒரு நாள் வாகனம் கிடைக்குமானால், சென்னையிலிருந்து திருவள்ளூர் செல்லும் வழியிலுள்ள திருநின்றவூருக்குச் செல்லலாம். பூசலார் நாயனாரின் ஊர் அது. பொருள் இல்லாத பூசலார், அடித்தளம் முதல் சிகரம் வரை மனத்துக்குள்ளேயே கோயில் எழுப்பினார். காஞ்சியில் கற்கோயில் கட்டிய பல்லவ மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, 'நாளை பூசலாரின் கோயிலுக்குள் புகுகிறோம். உன் குடமுழுக்கை வேறு நாளில் வைத்துக்கொள்' என்ற கருத்தில் அருளினார். அந்த இறைவன் இங்கே இருதயாலீசுவரராக எழுந்தருளியிருக்கிறார். அதே ஊரில் பக்தவத்சலப் பெருமாள் கோயிலும் உண்டு. அங்குள்ள தாயாரின் திருநாமம் 'என்னைப் பெற்ற தாயார்'. தன்னைப் பெற்றவளைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான சந்நிதி ஏது!

புறப்படும் முன்

வெளியே செலவிடும் நேரம் இரண்டு அல்லது மூன்று மணியைத் தாண்டாதிருக்கட்டும். வெயிலேறிய கருங்கல் தரையில் வெறுங்காலோடு நடப்பது சர்க்கரை நோயாளிகளுக்கு ஆபத்து. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் எழுவதுகூடத் தெரியாது. ஆகவே அதிகாலையோ, தரை குளிர்ந்த மாலையோ ஏற்றது. விரதம் இருப்போர், குறிப்பாக இன்சுலின் போட்டுக்கொள்வோர், முன்னரே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பழங்கோயில்களில் வாயில்தோறும் உயரமான நிலைப்படி உண்டு. அங்கே ஒருவர் கைகொடுப்பது அவசியம். சக்கர நாற்காலி கிடைக்குமா, முதியோருக்குத் தனி வழி உண்டா என்று கோயில் அலுவலகத்தில் கேட்கத் தயங்க வேண்டாம். கழிப்பறை இருக்கும் இடத்தை முதலிலேயே அறிந்துகொள்ள வேண்டும். இதற்கு அஞ்சியே பல பெரியவர்கள் நாள் முழுவதும் தண்ணீர் அருந்தாமல் இருந்துவிடுகிறார்கள். மெட்ரோ ரயில் நிலையங்களில் மின்தூக்கி உண்டு. வடபழனி முருகனைத் தரிசிக்க அந்த வழி எளிது.

மூத்தோர் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. வலிக்கிறது என்றால், வலிக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். மறைத்து நடந்து, மறுநாள் படுத்துவிட்டால் பிள்ளைகளின் வருத்தம் இன்னும் பெரிதாகும். 'இன்று இந்த ஒரு சந்நிதி போதும்' என்று பெற்றோர் வாய்விட்டுச் சொன்னால், பட்டியலைக் கிழித்துப் போடப் பிள்ளைகளுக்கும் மனம் வரும்.

மயிலையில் வலம் வருபவரும், அல்லிக்கேணியில் வீதிக்கு வருபவரும், வான்மியூரில் திரும்பி நின்றவரும், நின்றவூரில் நெஞ்சுக்குள் புகுந்தவரும் அடியாரின் தளர்ச்சியை நன்கு அறிந்தவர்கள். அவர்கள் வரும் வழியில் பெற்றோரை அமரவைத்து, உடன் அமர்ந்திருப்பதே பிள்ளைகள் செய்யத்தக்க பெருந்தொண்டு.