டிக் டிக் சத்தமும் மூத்தம்மாவின் கவிகளும்

கணினியில் குரல் பதிவுசெய்பவர்களைப் பயமுறுத்தும் சத்தம் ஒன்று உண்டு. பதிவு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் 'டிக், டிக்' என்று, எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல வரும். குரல் அறுந்து அறுந்து ஒட்டும். போன விடுமுறையில் மூன்று நாட்கள் நான் அதனோடுதான் போராடினேன்.

மூத்தம்மாவுக்கு வயது 80ஐத் தாண்டிவிட்டது. வயல் வெட்டும் காலத்தில் கேட்ட கவிகள் பல அவருக்கு மனப்பாடம். தொண்டையில் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முன் 11 கவிகளைப் படிக்கவைத்து, நானாவின் பழைய லெப்டொப்பில் ரீப்பர் என்ற மென்பொருளில் பதிந்துகொண்டோம். பன்னிரண்டாவதைக் கேட்டபோது, "இனி ஏலா மகள்" என்றுவிட்டார்.

பிறகு பிளக்-இன்களைப் போட ஆரம்பித்தேன். இவை பெரிய மென்பொருளுக்குள் பொருத்தப்படும் சிறு மென்பொருள்கள். ஒன்று மின்விசிறியின் இரைச்சலைக் குறைக்கும். கொம்ப்ரசர், கூடிக் குறையும் குரலைச் சமப்படுத்தும். ரிவேர்ப், பெரிய மண்டபத்தில் படித்ததுபோன்ற எதிரொலியைத் தரும். ஆறாவது கவிக்கும் இம்மூன்றையும் போட்டபோது டிக் டிக் தொடங்கியது. புது லெப்டொப் வாங்க வேண்டும் என்றார் நானா. ரெம்மைக் கூட்டினால் சரிவரும் என்றார் கடைக்காரர் ஒருவர். வாப்பா விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். எனக்கோ, மூத்தம்மாவின் குரலே பழுதாகிவிட்டதோ என்ற பயம்.

முதலில் எல்லாப் பிளக்-இன்களையும் நிறுத்திவிட்டுக் கேட்டேன். குரல் சுத்தமாக இருந்தது! பிளக்-இன்கள் பதிந்த கோப்பைத் தொடுவதில்லை. ஒலிக்கும் நேரத்தில்தான் கணக்குப் பார்த்து மாற்றிக் கொடுக்கின்றன. பிளக்-இன்களோடு ஒரு கவியைத் தனிக் கோப்பாக வெளியே எடுத்துப் பார்த்தேன். அதிலும் டிக் டிக் இல்லை. அப்படி எடுக்கும்போது கணினிக்கு அவசரமில்லை, ஆறுதலாகச் செய்யும். அப்படியானால் கோளாறு நேரத்தில்தான்.

நமது பதிவில் ஒரு செக்கனுக்கு 44,100 ஒலி மாதிரிகள் இருந்தன. கணினி அவற்றைச் சிறு கட்டுகளாக எடுத்து வேலைசெய்யும். அந்தக் கட்டுக்குப் பெயர் பஃபர். அது 128 என்றால், ஏறக்குறைய 3 மில்லிசெக்கனுக்குள் எல்லாப் பிளக்-இன்களும் வேலையை முடிக்க வேண்டும். முடியாவிட்டால் அடுத்த கட்டு வருமுன் ஓர் இடைவெளி விழும். அதுதான் 'டிக்'.

கணினியின் மொத்தச் சுமை பாதிகூட இல்லையே என்பது எனக்கு விளங்காமல் இருந்தது. குசினியில்தான் விளங்கியது. மா குழைக்காமல் இடியப்பம் பிழிய முடியாது, பிழியாமல் அவிக்கவும் முடியாது. நாலு பேர் நின்றாலும் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் பார்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். ஒரே தடத்தில் வரிசையாக நிற்கும் பிளக்-இன்களும் அப்படித்தான். செயலியின் ஒரு கரு மூச்சு முட்ட, மற்றவை சும்மா இருக்கும்.

பஃபரை 1024 ஆக்கினேன். ஏறக்குறைய 23 மில்லிசெக்கன் கிடைத்தது. (ஹெட்போன் போட்டுக்கொண்டு படிப்பவருக்கு இது சரிவராது, தன் குரலே பிந்திக் கேட்கும். நாங்கள் பதிந்து முடித்திருந்ததால் கவலையில்லை.) சத்தம் குறைந்தது, போகவில்லை. லெப்டொப் பற்றரியில் ஓடும்போது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வதைக் கண்டு சார்ஜரைச் செருகினேன். பிறகு பிளக்-இன்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்ததில் ரிவேர்ப்தான் பெருந்தீனி தின்பது தெரிந்தது. கவி ஒலிக்காத தடத்திலும் அது கணக்குப் பார்த்துக்கொண்டேயிருந்தது. ஆறையும் எடுத்துவிட்டு, தனித் தடத்தில் ஒரே ரிவேர்பை வைத்து எல்லாக் கவிகளையும் அதற்கு அனுப்பினேன். இரைச்சல் நீக்கிய தடங்களை 'ஃப்ரீஸ்' செய்து ஒலிக்கோப்பாகவே மாற்றிவிட்டேன். பிறகு பதினொன்றும் தடங்கலின்றி ஓடின. வாப்பாவின் காசும் தப்பியது.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு மூத்தம்மா மெல்லிய குரலில்தான் பேசுகிறார். முதல் கவியைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், "நல்லாத்தான் இருக்கு மகள். ஆனா ஏன் கிணத்துக்குள்ள இருந்து படிக்கிற மாதிரி இருக்கு?" என்றார்.

அன்றே அந்த ஒற்றை ரிவேர்பையும் எடுத்துவிட்டேன்.