அப்பா பொருத்திய ஆறு விளக்குகள்

சிவனொளிபாத மலைக்குப் போய் வந்தவர்களுக்கு நல்லதண்ணியின் இரவைப் பற்றி நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. டிசம்பர் மாதப் பௌர்ணமி தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமி வரை நீடிக்கும் யாத்திரைக் காலத்தில், அட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக வரும் வேன்கள் அங்கே வரிசையாக நிற்கும். கால் வலுவுள்ளவர்கள் உதயம் காண நள்ளிரவிலேயே மலையேறிவிடுவார்கள். மூட்டுவலிக்காரர்களும் கைக்குழந்தையோடு வந்த தாய்மாரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு விடியும்வரை வேனிலேயே தங்குவார்கள். மேல்நாட்டார் கட்டிலும் அடுப்பும் அமைந்த மோட்டார் வீடுகளில் ஊர் சுற்றுகிறார்கள். நமக்கு அந்த ஓர் இரவுக்கு வேனே வீடு.

எங்கள் வேன் அப்பா வாங்கியது. தோட்டத்து லொறிச் சாரதியாக இருந்து ஓய்வுபெற்றபோது, கையில் கிடைத்த சேமலாப நிதி முழுவதையும் கொடுத்து அந்தப் பழைய வண்டியை வாங்கினார். முதல் வாரமே உட்கூரையின் இரு ஓரங்களிலும், பக்கத்துக்கு மூன்றாக, ஆறு சிறு மின்குமிழ்களைத் தம் கையாலேயே பொருத்தினார். லயத்துக் காம்பிராவில் குப்பி விளக்கின் புகையில் எங்களைப் படிக்கவைத்தவர் அவர். 1950ஆம் ஆண்டிலேயே லக்சபானவில் நீரிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். கம்பிகள் தேயிலை மலைகளைக் கடந்து கொழும்புக்குப் போயின. லயங்களுக்கு அது வந்துசேரப் பல பத்தாண்டுகள் பிடித்தன. ஆதலால் வெளிச்சத்தின்மேல் அவருக்குத் தீராத ஆசை. இரவில் அந்த மஞ்சள் ஒளி பரவினால் வேன் கலியாண வீடு போல் தோன்றும்.

அவர் காலமானதற்கு அடுத்த யாத்திரைக் காலத்தில்தான் அது நடந்தது. தம்பி வேனை ஓட்டினான். அம்மாவும் நானும் உடன் சென்றிருந்தோம். வேனில் தங்கிய ஒரு மூதாட்டிக்கு இருட்டென்றால் பயம். "வெளக்க மட்டும் அணைச்சிடாத தம்பி" என்றார். அணைக்கவில்லை. அதிகாலை நான்கு மணிக்கு அவருக்கு இளைப்புக் கண்டது. வைத்தியசாலைக்குக் கொண்டுபோகத் தம்பி சாவியைத் திருப்பினான். 'டக்' என்று ஓர் ஓசை, அவ்வளவுதான். விளக்குகள் தணல்போல் சிவந்து மங்கின. பக்கத்து வேன்காரர், முன்பின் அறியாத ஒரு சிங்கள அன்பர், பாட்டியை ஏற்றிக்கொண்டு விரைந்தார். பாட்டி பிழைத்துக்கொண்டார். வீடு திரும்பும்வரை தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை.

கணக்கைப் பின்னர் போட்டுப் பார்த்தேன். முன்னரே போட்டிருக்க வேண்டும். பள்ளியில் பௌதிகம் படிப்பிக்கிறவன் நான். குமிழ் ஒன்றுக்கு 10 வாட், ஆறுக்கு 60. 12 வோல்ட் பற்றரியிலிருந்து அது 5 அம்பியர் இழுக்கும். இரவு ஒன்பது முதல் நான்கு வரை ஏழு மணி நேரத்தில் 35 அம்பியர்-மணி. பற்றரியின் கொள்ளளவு புதிதில் 65. அப்போது அதற்கும் வயதாகியிருந்தது. போதாக்குறைக்குக் குளிர். குளிரில் பற்றரியின் வலு குறையும். இயந்திரத்தைச் சுழற்றவோ கூடுதல் வலு வேண்டும். இவ்வளவையும் வாங்கிக்கொண்டு அந்தக் குமிழ்கள் திருப்பித் தந்ததில் பெரும்பகுதி வெறும் சூடு. பிளாஸ்டிக் மூடிகள் பழுத்த இலைபோல் நிறம் மாறிக் கிடந்தன.

விளக்கே வேண்டாம் என்றான் தம்பி. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைப் பார்த்துத்தான், எல்.ஈ.டி. குமிழ் போடலாம் என்றேன். அட்டனில் ஆறு வாங்கி வந்தோம். ஒன்றுக்கு 1 வாட். ஆறும் சேர்ந்து அரை அம்பியர். அதே ஏழு மணி நேரத்துக்கு மூன்றரை அம்பியர்-மணி போதும். பொருத்தியதும் மூன்று எரியவில்லை. தம்பி கடைக்காரரை ஏசத் தொடங்கினான். பழைய குமிழை எப்பக்கம் போட்டாலும் எரியும். பாடப்புத்தகம் 'ஒளிகாலும் இருவாயி' என்று கூறும் இதுவோ மின்னோட்டத்துக்கு ஒருவழிப் பாதை. கழற்றித் திருப்பிப் போடச் சொன்னேன். எரிந்தன.

ஆனால் என்ன வெளிச்சம்! நீலம் பாய்ந்த வெள்ளை. அம்மா எட்டிப் பார்த்து, "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவர் சொன்னதில் தவறில்லை. அதன் உள்ளே பிறப்பது நீல ஒளியேதான். சிவப்பு எல்.ஈ.டி. 1962இலேயே வந்துவிட்டது, பிரகாசமான நீலத்துக்கு 1990கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்காகவே அக்காசாக்கி, அமானோ, நக்கமுரா என்னும் மூவருக்கும் 2014இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. நீலத்தின் மேல் பூசும் மஞ்சள் ஒளிர்பொருள் அதை வெண்மையாக்குகிறது. பூச்சின் தன்மைக்கேற்ப வெண்மை குளிர்ந்தோ கதகதப்பாகவோ அமையும். பெட்டியில் 6000 கெல்வின் என்றிருந்தால் ஆஸ்பத்திரி. 2700 என்றிருந்தால் அப்பாவின் குமிழ். மறுநாள் மாற்றிக்கொண்டு வந்தோம். வண்டி ஓடும்போது மின்னழுத்தம் 14 வோல்ட்டுக்கு மேல் ஏறுமாதலால், அதைத் தாங்கக்கூடியவையா என்றும் இம்முறை கேட்டுக்கொண்டோம்.

கழற்றிய பழைய குமிழ்களை அம்மா ஒரு பால்மா டின்னில் போட்டு வைத்திருக்கிறார். இரண்டு அறுந்துபோனவை, அவற்றையும்தான்.

சென்ற யாத்திரைக் காலத்தில் நல்லதண்ணியில் ஆறு விளக்குகளும் இரவு முழுவதும் எரிந்தன. நான்கு மணிக்குத் தம்பி, ஒருவருக்கும் ஒன்றும் இல்லாதபோதே, எழுந்து சாவியைத் திருப்பினான். இயந்திரம் உறுமிற்று. "எல்லாரும் தூங்குற நேரத்துல என்னடா இது?" என்று கம்பளிக்குள்ளிருந்து அம்மா அதட்டினார்.