23-ஆம் பகுதி

வர்ஜீனியா மாநிலம், ஆர்லிங்டன். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் விசாரணை அலுவலகம். சிறிய அறை. மேடையில் நிர்வாக நீதிபதி. ஒரு பக்கம் அரசுத் தரப்பு வழக்கறிஞர். நடுவே, பேசுவதை எல்லாம் தட்டச்சில் பதிபவர். எதிரே கோட் அணிந்த ஒரு பொறியாளர். ஒப்பந்த நிறுவனத்தில் வேலை. ரகசிய ஆவணங்களைப் பார்க்க அரசின் பாதுகாப்பு அனுமதி வேண்டும். அவருக்கு வழக்கறிஞர் இல்லை. பக்கத்து நாற்காலி காலி.

அரசின் முதல் சான்றாவணம்: அனுமதி கேட்டு அவர் நிரப்பிய எஸ்.எஃப்.-86 படிவம். நூறு பக்கங்களுக்கு மேல். பத்தாண்டு முகவரிகள், பத்தாண்டு வேலைகள், உறவினர்கள், பயணங்கள், கடன்கள். ஒரு கட்டமும் விடுபடவில்லை.

23-ஆம் பகுதியில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கிறது. கடந்த ஏழு ஆண்டுகளில் சட்டவிரோதப் போதைப்பொருள் பயன்படுத்தியதுண்டா? 'இல்லை.'

இரண்டாம் சான்றாவணம்: புலனாய்வாளர் எடுத்த நேர்காணலின் சுருக்கம். அதே கேள்வி. அதே 'இல்லை.' பழைய அறைத்தோழர் வேறு மாதிரி சொல்கிறாரே என்கிறார் புலனாய்வாளர். அடுத்த வரியில் 'ஆம்.' கல்லூரியின் கடைசி வருடம். கஞ்சா. நான்கைந்து முறை. கல்லூரி இருந்த மாநிலத்தில் தடையில்லை. மத்திய சட்டத்தில் தடை உண்டு.

பொறியாளரும் ஆவணங்கள் கொண்டுவந்திருக்கிறார். பாராட்டுக் கடிதங்கள். பதவி உயர்வு ஆணை. போதைப்பொருள் இல்லை என்னும் பரிசோதனை முடிவு. ஓரம் சேர்த்து அடுக்குகிறார். மறுபடி அடுக்குகிறார்.

மேலாளர் சாட்சி சொல்கிறார். நேர்மையானவர், நேரம் தவறாதவர். வழக்கறிஞர் எழுகிறார். படிவத்தில் இவர் என்ன எழுதினார் என்று தெரியுமா? மேலாளர் பொறியாளரைப் பார்க்கிறார். பொறியாளர் மேசையைப் பார்க்கிறார்.

"தெரியாது."

அடுத்து பொறியாளரின் முறை. ஏன் 'இல்லை' என்று குறித்தீர்கள்? பதிபவரின் விரல்கள் காத்திருக்கின்றன.

"வேலை போய்விடும் என்று பயந்தேன்."

விரல்கள் நகர்கின்றன.

மதியம் வேறொரு வழக்கு. ஒரு பெண், மென்பொருள் பணி. அதே படிவம். 23-ஆம் பகுதியில் அதே 'இல்லை.'

இரண்டாம் சான்றாவணத்தில் ஒரு மின்னஞ்சல். படிவம் அனுப்பிய மூன்றாம் நாள், நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரிக்கு எழுதியது. தவறாகக் குறித்துவிட்டேன், திருத்த வேண்டும். வருடம், இடம், எத்தனை முறை, எல்லாம் இருக்கிறது. புலனாய்வாளர் அப்போது இன்னும் யாரையும் சந்திக்கவில்லை.

ஏன் முதலில் மறைத்தீர்கள்? "பயந்தேன்." பிறகு திருத்தச் சொன்னது யார்? "யாரும் சொல்லவில்லை."

நீதிபதி குறித்துக்கொள்கிறார்.

நீதிபதியின் கைக்கருகே 13 வழிகாட்டு நெறிகள். 2017 ஜூன் முதல் நடப்பில் இருப்பவை. 'எச்' என்பது போதைப்பொருள். 'இ' என்பது தனிநடத்தை. மறைத்ததைக் குறிப்பிட்டுக் கேட்கும் முன்பே, தாமதமின்றி, நல்லெண்ணத்தோடு திருத்தினால் அது கணக்கில் வரும். கையும் களவுமாகப் பிடிபட்ட பின் சொன்னால் வராது. ஐயம் மிஞ்சினால் தேசப் பாதுகாப்பின் பக்கமே தீர்க்க வேண்டும்.

வாரங்கள் கழிகின்றன. இரண்டு தீர்ப்புகள் வெளியாகின்றன. பொதுமக்கள் பார்க்கும் பிரதியில் பெயர்கள் அழிக்கப்பட்டிருக்கின்றன.

'எச்' நெறி: இருவருக்கும் சாதகம். பழைய பழக்கம், சில முறை, விட்டாயிற்று. காரணங்கள் ஏறக்குறைய ஒன்றே.

'இ' நெறி: பெண்ணுக்குச் சாதகம். பொறியாளருக்குப் பாதகம். அவருக்கு அனுமதி தருவது தேச நலனுக்குத் தெளிவாக இசைந்ததல்ல.

மேல்முறையீட்டுக்கு 15 நாளில் அறிவிக்க வேண்டும். முடிவு உறுதியானால், மறுபடி விண்ணப்பிக்க ஓராண்டு பொறுக்க வேண்டும். அப்போது 25-ஆம் பகுதியிலும் ஒரு கேள்வி இருக்கிறது. பாதுகாப்பு அனுமதி எப்போதாவது மறுக்கப்பட்டதுண்டா? அந்தக் கேள்விக்கு ஏழு ஆண்டு வரம்பு இல்லை.