புல்வெளியின் பெயரில்லாத மனிதர்கள்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லெக்சிங்டன் நகர எல்லையைத் தாண்டியதுமே சாலையின் இருபுறமும் கறுப்பு வண்ணம் பூசிய மரவேலிகள் தொடங்கிவிடுகின்றன. மைல் கணக்கில் அவை ஓடுகின்றன. வேலிக்கு அப்பால் மேடும் தாழ்வுமாகப் புல்வெளி. அதில் தாயும் குட்டியுமாக மேயும் குதிரைகள். தரோபிரெட் எனப்படும் பந்தயக் குதிரை இனத்தை வளர்ப்பதுதான் இந்த வட்டாரத்தின் தலையாய தொழில். 'உலகின் குதிரைத் தலைநகர்' என்று இந்த நகரம் தன்னை அழைத்துக்கொள்கிறது. இந்தத் தொழிலில் யார் யார் என்னென்ன வேலை செய்கிறார்கள், அந்த வேலையை ஊர்மக்கள் தங்கள் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக ஓர் ஏப்ரல் மாதம் அங்கே போயிருந்தேன்.

குதிரை இங்கே தழைத்ததற்கு மண் முதல் காரணம். தரைக்கடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். சுமார் 45 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இந்த நிலம் ஆழமில்லாத கடலாக இருந்த காலத்தில் படிந்த பாறை அது. அதன் கால்சியமும் பாஸ்பரஸும் ஊற்றுநீரிலும் புல்லிலும் ஏறுகின்றன. அந்தப் புல்லைத் தின்று வளரும் குட்டிக்கு எலும்பு உறுதிப்படும் என்பது வளர்ப்பவர்களின் தலைமுறை நம்பிக்கை. வட்டாரத்துக்கே பெயர் கொடுத்த 'புளூகிராஸ்' என்ற புல்லோ ஐரோப்பாவிலிருந்து வந்தது. வெட்டாமல் வளரவிட்டால் அதன் கதிர் நீலம் கலந்த ஊதாவாகத் தெரியும் என்கிறார்கள்.

கீன்லேண்ட் பந்தய மைதானத்தில் முதல் பந்தயம் 1936-இல் நடந்தது. காலைப் பயிற்சியை யார் வேண்டுமானாலும் ஓடுபாதை வேலியோரம் நின்று கட்டணமில்லாமல் பார்க்கலாம் என்பது இங்கே வழக்கம். விடிவதற்கு முன்பே போய் நின்றேன். என்னைப்போல் வெளியூர்க்காரர்கள் சிலர். மற்றவர்கள் உள்ளூர்க் குடும்பங்கள். பக்கத்தில் நின்ற பெரியவர் தன் பேரனிடம், "கண்ணால் பார்த்தது போதும், இப்போது அதன் மூச்சைக் கேள்" என்றார். நாலுகால் பாய்ச்சலில் ஓடும் குதிரைக்கு ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சுதான்; கால் விழும் தாளமும் மூச்சும் ஒன்றோடொன்று பிணைந்தவை. பயிற்சி முடிந்து திரும்பும் குதிரை எவ்வளவு நேரத்தில் சீரான மூச்சுக்கு வருகிறது என்பதை வைத்து அதன் உடல்நிலையைக் கணிக்கலாம் என்று அவர் விளக்கினார். பேரனுக்கு எட்டு வயது இருக்கும். இந்த ஊரில் குதிரைப் பாடம் இப்படி வேலியோரத்தில்தான் ஆரம்பிக்கிறது.

தெரிந்தவர் ஒருவர் மூலம் லாயங்கள் இருக்கும் பகுதிக்குள் போக அனுமதி கிடைத்தது. அங்கே வேலை காலை நாலரை மணிக்கே தொடங்கிவிடுகிறது. ஒரு பராமரிப்பாளரின் பொறுப்பில் நான்கைந்து குதிரைகள். தீனி வைப்பது, லாயத்தைக் கூட்டி வைக்கோல் மாற்றுவது, உடம்பைத் தேய்த்துவிடுவது, சேணம் பூட்டுவது எல்லாம் அவர் வேலை. ஓடிவிட்டு வந்த குதிரையின் சூடு தணியும்வரை, அரைமணி நேரத்துக்குக் குறையாமல், அதைக் கயிறு பிடித்து நடத்துவதற்குத் தனி ஆள் உண்டு. பெரும்பாலும் தொழிலுக்குப் புதிதாக வருபவருக்கு முதலில் கொடுக்கும் வேலை இதுதான்.

நான் பார்த்த பராமரிப்பாளர் மெக்சிகோவிலிருந்து வந்தவர். இன்று கென்டக்கியின் லாயங்களில் வேலை செய்பவர்களில் மிகப் பலர் மெக்சிகோவையும் மத்திய அமெரிக்க நாடுகளையும் சேர்ந்தவர்கள். லாயங்களில் ஆங்கிலத்தைவிட ஸ்பானிஷ்தான் அதிகம் காதில் விழுகிறது. அவர் குதிரையின் முன்னே குந்தி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே இரண்டு கைகளாலும் மெல்லத் தடவிக்கொண்டே இறங்கினார். பிறகு அடுத்த கால். குதிரைக்கு அந்தப் பகுதியில் தசை கிடையாது. எலும்பும் நாணும் தோலும்தான். ஏறக்குறைய 500 கிலோ எடையுள்ள உடம்பு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது, சில கணங்களில் அவ்வளவு பாரமும் ஒரே காலின் மேல் இறங்குகிறது. நாண் நோகத் தொடங்கும்போது அது நொண்டலாகத் தெரிவதற்கு முன்பே லேசான சூடாகக் கைக்குத் தெரியுமாம். "நேற்று இந்தக் கால் எப்படி இருந்தது என்பது கைக்கு நினைவிருக்க வேண்டும். மறந்துபோனால் இன்று தொட்டுப் பயனில்லை" என்றார். மருத்துவரைக் கூப்பிட வேண்டுமா என்பதை முதலில் சொல்வது இவர் கைதான்.

அடுத்த லாயத்தில் லாடக்காரர் வேலை செய்துகொண்டிருந்தார். வந்ததும் அவர் உளியை எடுக்கவில்லை. குதிரையைப் போகவும் வரவும் நடக்கவிட்டு, எந்தக் குளம்பு முதலில் எந்த ஓரத்தால் தரையைத் தொடுகிறது என்று பார்த்தார். அதன் பிறகே காலைத் தூக்கித் தன் தொடைகளுக்கு இடையில் பிடித்துக்கொண்டார். குளம்பும் நம் நகம்போல வளர்ந்துகொண்டே இருப்பது. நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை சீவி லாடம் மாற்ற வேண்டும். பந்தயக் குதிரைக்குக் கனமில்லாத அலுமினிய லாடம். ஆணி குளம்பின் வெளிச்சுவரில் மட்டுமே ஏறி வெளியே வர வேண்டும். சற்று உள்ளே போனாலும் உயிருள்ள சதை. சரியான தடத்தில் ஏறும் ஆணிக்குக் கெட்டியான ஒலி உண்டு. தடம் மாறினால் ஒலி மந்தமாகும். அந்த ஒலிக்காகக் காதைப் பழக்குவதற்கே தன் குருவிடம் வருடக்கணக்கில் உதவியாளராக இருந்ததாகச் சொன்னார். இப்போது அவரிடம் ஓர் இளைஞர் அப்படி நின்று கற்கிறார்.

குதிரை பிறக்கும் பண்ணைகளில் வேலை வேறுவிதம். தரோபிரெட் இனத்தில் செயற்கைக் கருவூட்டலுக்கு இடமில்லை. பொலிக்குதிரையோடு இயற்கையாகச் சேர்த்துப் பிறந்த குட்டிக்கு மட்டுமே பதிவுண்டு. சினைக்காலம் சுமார் 11 மாதம். வட அரைக்கோளத்தில் பிறக்கும் எல்லாக் குட்டிகளுக்கும், எந்த மாதத்தில் பிறந்தாலும், ஜனவரி 1 அன்றே ஒரு வயது கூடுவதாகக் கணக்கு. அதனால் ஆண்டின் தொடக்கத்திலேயே குட்டி பிறந்தால் அதற்கு வளர்த்தி கூடும், விலையும் கூடும். டிசம்பர் குளிரிலேயே லாயங்களில் இரவிலும் விளக்கெரித்து, பகல் நீண்டுவிட்டதாகப் பெட்டைக் குதிரையின் உடம்பை நம்பவைத்து, சீக்கிரம் பருவத்துக்கு வரச் செய்கிறார்கள். பெட்டைகள் பெரும்பாலும் இரவில்தான் ஈனுகின்றன. அந்த மாதங்கள் முழுக்க இரவுக் காவலர்கள் கண் மூடாமல் லாயம் லாயமாக நடக்கிறார்கள். மடிக்காம்பின் நுனியில் மெழுகுபோல் பால் திரண்டிருப்பதைக் கண்டால் நேரம் நெருங்கிவிட்டது என்று பொருள். பிறந்த குட்டி ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்கிறதா, இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்கிறதா என்று பார்ப்பவரும் அந்தக் காவலரே.

இந்தக் குட்டிகள் அடுத்த ஆண்டு செப்டம்பரில் கீன்லேண்டின் ஏலத்துக்குப் போகும். உலகமெங்குமிருந்து வாங்குபவர்கள் வருவார்கள். 1985-இல் இதே கீன்லேண்டின் கோடை ஏலத்தில் ஒரு வயதுக் குதிரை ஒன்று 1.31 கோடி டாலருக்குப் போயிருக்கிறது. பழைய ஏலப் புத்தகம் ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு பக்கம்: தந்தை, தாய், பாட்டி, அவை வென்ற பந்தயங்கள். குதிரையின் மூன்று தலைமுறை அங்கே இருக்கிறது. ஈன்ற இரவில் விழித்திருந்தவரின் பெயருக்கு அந்தப் பக்கத்தில் இடமில்லை.

இந்த விடுபடல் இன்று நேற்று நடந்ததன்று. லெக்சிங்டன் நகர நடுவில், பழைய நீதிமன்றத்தை ஒட்டிய சீப்சைடு சதுக்கத்தில், அடிமைச் சந்தை நடந்தது. விற்கப்பட்டவர்களிலும் அவர்கள் வழிவந்தவர்களிலும் எத்தனையோ பேர் பண்ணைகளில் குதிரை பழக்கினார்கள், லாடம் அடித்தார்கள், பந்தயத்தில் ஏறினார்கள். 1875-இல் நடந்த முதல் கென்டக்கி டெர்பி பந்தயத்தில் ஓடிய 15 குதிரைகளில் 13-ஐ ஓட்டியவர்கள் கறுப்பின ஜாக்கிகள். வென்ற குதிரையை ஓட்டியவர் ஆலிவர் லூயிஸ். அதைப் பழக்கிய ஆன்செல் வில்லியம்சன் அடிமையாகப் பிறந்தவர். முதல் 28 டெர்பிகளில் 15-ஐ வென்றவர்கள் கறுப்பின ஜாக்கிகள். ஐசக் மர்ஃபி 1884, 1890, 1891 என்று மூன்று முறை வென்றார். 1901-இலும் 1902-இலும் வென்றவர் ஜிம்மி விங்க்ஃபீல்ட்.

அதன் பிறகு இனப்பாகுபாடு இறுகியது. வெள்ளை ஜாக்கிகள் பாதையிலேயே அவர்களை நெருக்கி வேலியில் மோதவைத்தார்கள். குதிரை உரிமையாளர்கள் வாய்ப்பை நிறுத்தினார்கள். விங்க்ஃபீல்ட் ரஷ்யாவுக்குப் போய் அங்கே குதிரை ஓட்டினார். 1921-க்குப் பிறகு 2000-ஆம் ஆண்டு வரை டெர்பியில் ஒரு கறுப்பின ஜாக்கிகூட ஏறவில்லை. லாயத்துக்குள் உழைக்க மட்டும் அவர்களுக்கு இடமிருந்தது. தொழிலின் புகழைக் கட்டியவர்களே தொழிலின் வரலாற்றிலிருந்து காணாமல் போனார்கள்.

அந்த வரலாற்றை இப்போது ஊர்மக்கள் தாங்களே மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். நகரின் கிழக்கு முனைப் பகுதியில் 1828 முதல் 1933 வரை ஒரு பந்தயப் பாதை இருந்தது. அதைச் சுற்றித்தான் கறுப்பினக் குதிரைத் தொழிலாளர்களின் குடியிருப்புகள் வளர்ந்தன. பாதையின் நுழைவாயில் கல்தூண்கள் இன்று கீன்லேண்டில் நிற்கின்றன. பழைய இடத்துக்கு அருகே ஐசக் மர்ஃபியின் பெயரில் பூங்கா ஒன்றை அமைத்திருக்கிறார்கள். அங்கிருந்து சற்றுத் தொலைவில், ஏழாவது தெருவில், 'ஆப்பிரிக்க இடுகாடு எண் 2' இருக்கிறது. 1869-இல் கறுப்பினத்தவரின் உதவிச் சங்கம் ஒன்று தொடங்கிய இடுகாடு இது. ஆலிவர் லூயிஸ் இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். பல ஆண்டுகள் புதர் மண்டிக் கிடந்ததைத் தன்னார்வலர்கள் சீராக்கிக் காத்துவருகிறார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என்னையும் ஒரு பள்ளிக் குழுவையும் அங்கே சுற்றிக் காட்டினார். பெரும்பாலான கல்லறைகளுக்குக் கல்லே கிடையாது. பழைய பத்திரிகைகள், இறப்புப் பதிவுகள், மக்கள்தொகைக் கணக்கேடுகள் ஆகியவற்றை ஒப்பிட்டுத்தான் யார் ஜாக்கி, யார் பயிற்றுநர், யார் பராமரிப்பாளர் என்று அடையாளம் காண்கிறார்கள். கணக்கேட்டில் ஒருவருடைய தொழில் 'கூலி' என்று மட்டும் இருக்கும். வேலை செய்த இடத்தைத் தேடிப் பிடித்தால் அது குதிரைப் பண்ணையாக இருக்கும். மாணவி ஒருத்தி தன் கொள்ளுத்தாத்தாவும் பண்ணையில் வேலை பார்த்தவர் என்றாள். ஆசிரியை உடனே, "வீட்டுக்குப் போனதும் அவர் பெயர் என்ன, எந்தப் பண்ணை என்று பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொண்டு வா. பாட்டி இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்" என்றார். நான் அங்கே கேட்டவற்றில் மிகவும் முக்கியமான சொற்கள் இவை.

ஐசக் மர்ஃபி 1896-இல், 35 வயதில் இறந்து இந்த இடுகாட்டில்தான் அடக்கமானார். காலப்போக்கில் அவர் கல்லறை எது என்றே தெரியாமல் போயிற்று. 1960-களில் ஒரு பத்திரிகையாளர் தேடி அதைக் கண்டுபிடித்தார். 1967-இல் அவருடைய எச்சங்களை எடுத்து, 'மேன் ஓ வார்' என்ற புகழ்பெற்ற குதிரையின் சமாதிக்கு அருகே அடக்கம் செய்தார்கள். 21 பந்தயங்களில் 20-ஐ வென்ற குதிரை அது. 1978-இல் திறக்கப்பட்ட கென்டக்கி குதிரைப் பூங்காவில்தான் இப்போது இரண்டு சமாதிகளும் உள்ளன. குதிரையைப் பார்க்க வருபவர்கள் அந்த மனிதரையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இது அவருக்குக் கிடைத்த மரியாதைதான். ஆனாலும் மாபெரும் ஜாக்கி ஒருவர் நினைவுகூரப்படுவதற்கு ஒரு குதிரையின் துணை தேவைப்பட்டிருக்கிறது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

அதே பூங்காவில் 1973-இல் அமெரிக்காவின் முப்பெரும் பந்தயங்களையும் வென்ற செக்ரட்டேரியட் என்ற குதிரையின் வெண்கலச் சிலை இருக்கிறது. அதில் ஜாக்கி மட்டுமின்றி, கடிவாளம் பிடித்து நடத்திச் செல்லும் பராமரிப்பாளர் எடி ஸ்வெட்டும் இருக்கிறார். பராமரிப்பாளர் ஒருவரைச் சிலையில் வைத்த அந்தச் சிற்பம் நான் பார்த்தவற்றுள் மிக நேர்மையானது. பூங்காவில் உள்ள பன்னாட்டுக் குதிரை அருங்காட்சியகம், குதிரைத் தொழிலில் உழைத்த ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் வரலாற்றைக் குடும்பப் புகைப்படங்கள், ஆவணங்கள், நினைவுகள் வழியாகத் திரட்டி ஆவணப்படுத்துகிறது. வீட்டுப் பெட்டியில் கிடந்த படம் இப்படித்தான் ஊரின் வரலாறாகிறது.

இந்தப் பணி இத்துடன் முடிந்துவிடக் கூடாது என்பதே என் எண்ணம். நூறு ஆண்டுகளுக்கு முன்பு கறுப்பினத்தவருக்கு நேர்ந்ததே இன்று லாயத்தில் உழைக்கும் மெக்சிகோக்காரருக்கும் குவாத்தமாலாக்காரருக்கும் நேரலாம். பணி விசாவில் வந்து, சில பருவங்கள் உழைத்து, ஊர் திரும்பிவிடுபவர்களின் பெயரை யாரும் இப்போதே எழுதி வைக்காவிட்டால், நாளை அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தேடிப் பார்க்க ஓர் இடுகாடுகூட அங்கே இருக்காது. காலின் சூட்டைக் கையால் படிக்கும் அறிவு அவர்களிடம்தான் இருக்கிறது. அதை அவர்கள் மொழியிலேயே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

ஒரு வட்டாரத்தின் பாரம்பரியம் என்பது அங்கே உழைத்தவர்களின் பெயரையும் சேர்த்துத்தான். அவர்களை விட்டுவிட்டு எழுதப்படுவது விளம்பரம். லெக்சிங்டன் மக்கள் இதைத் தாமதமாகவேனும் உணர்ந்து செயலில் இறங்கியிருக்கிறார்கள். நம் ஊர்த் தொழில் எதுவானாலும், அதில் உழைத்த பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே அவர்களிடம் போய் உட்கார்ந்து, பெயரையும் வேலையையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.