மொய்க் கணக்கும் ஒரு துணைக்கோப்பும்

“அக்கா கல்யாணத்துக்கு உன் பெரியப்பா ஒத்த ரூபா மொய் எழுதல.” இருபது வருஷத்துக்கு மேலாக இந்தப் பேச்சு எழாத பொங்கல் எங்கள் வீட்டில் இல்லை. என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர் பெரியப்பா. கேட்கும்போதெல்லாம் நெஞ்சு உறுத்தும். மொய் நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. ஆனால் 2002இல் அந்தக் கல்யாணத்துக்கென்றே சித்தப்பா விஷுவல் பேசிக் 6இல் ஒரு மொய்க் கணக்கு புரோகிராம் எழுதியிருந்தார். அதன் சிடி அவர் பீரோவில் கிடைத்தது.

விண்டோஸ் 11இல் ஓடவிட்டேன். பிழை 339. எம்எஸ்காம்சிடிஎல்.ஓசிஎக்ஸ் இல்லை, அல்லது பதிவாகவில்லை. திரையில் பட்டியலையும் கருவிப்பட்டையையும் வரைந்து தரும் துணைக்கோப்பு அது. விபி6 புரோகிராம்களை ஓட்டும் அடிப்படைக் கோப்பு இன்றும் விண்டோஸுடன் வருகிறது, இது வருவதில்லை. கண்ட இடத்தில் இறக்க மனமில்லாமல், மைக்ரோசாஃப்டின் சர்வீஸ் பேக் 6 தொகுப்பிலிருந்து எடுத்தேன்.

“சிஸ்டம் தேர்ட்டிடூல போட்டு ரிஜிஸ்டர் பண்ணுடா, ஓடும்” என்றார் சித்தப்பா போனில்.

போட்டேன். கோப்பை ஏற்ற முடியவில்லை என்றது. அட்மினாக நுழைந்து செய்தேன், அதே பதில். மூன்று இரவுகள். கோப்பு என் கண்ணெதிரே இருக்கிறது, கணினி இல்லை என்கிறது. சித்தப்பாவும் அசையவில்லை. “அங்கதான்டா இருக்கணும். நான் எழுதினது எனக்குத் தெரியாதா?”

நான்காம் நாள்தான் அந்தப் பெயர்மீதே சந்தேகம் வந்தது. 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32க்குள் இருப்பவை 64 பிட் கோப்புகள். 32 பிட் கோப்புகள் குடியிருப்பதோ சிஸ்வாவ்64இல்! பழைய புரோகிராம்களை 64 பிட்டுக்குக் கொண்டுவந்தபோது, அவற்றுக்குள் எழுதியிருந்த சிஸ்டம்32 என்ற முகவரி பொய்யாகிவிடக் கூடாதென்று அந்தப் பெயரை அப்படியே விட்டுவிட்டார்கள். 32 பிட் புரோகிராம் ஒன்று வந்து சிஸ்டம்32 எங்கே என்று கேட்டால், விண்டோஸ் சத்தமில்லாமல் அதைச் சிஸ்வாவ்64க்குத் திருப்பிவிடுகிறது. நான் கோப்பை வைத்த அறை வேறு, சித்தப்பாவின் புரோகிராம் தட்டிய அறை வேறு. ஆனால் அதைப் பொறுத்தவரை அது தட்டியது சிஸ்டம்32இன் கதவைத்தான். சித்தப்பா சொன்னது பொய்யில்லை. அதை நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

கோப்பை இடம் மாற்றிப் பதிவு செய்ததும் திரை திறந்தது. பெயர்களோ கொம்பும் புள்ளியும் முளைத்த லத்தீன் எழுத்துகளாக நின்றன. 1999இல் தமிழக அரசு அறிவித்த டாப் குறியீட்டில் தட்டியவை அவை. அதற்குரிய எழுத்துரு இல்லாவிட்டால் தமிழ் தெரியாது. ஓசிஎக்ஸ் இல்லாதபோது பிழை காட்டிய கணினி, எழுத்துரு இல்லாததற்கு வாயே திறக்கவில்லை. நல்லவேளை, அந்த எழுத்துருவும் சிடியிலேயே இருந்தது.

எங்கள் ஊர்ப் பட்டியலில் பெரியப்பா பெயர் இல்லைதான். பெரியம்மா பிறந்த ஊரின் பட்டியலைத் திறந்தேன். நான்காவது வரியில் பெரியம்மா பெயர். 5,001 ரூபாய்.

போட்டோ எடுத்து முதலில் அம்மாவுக்கு அனுப்பினேன்.