மருந்தும் மனிதரும்

மனநோயின் பிடியில் கொலை செய்துவிட்டவரைச் சட்டம் குற்றவாளி அல்ல என்று சொல்லிவிடலாம். ஆனால் வீட்டுக்குப் போ என்று சொல்லிவிடாது. காவல் உள்ள மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பும். எத்தனை நாளைக்கு? வெளியே விட்டால் ஆபத்தில்லை என்ற நம்பிக்கை பிறக்கும் வரை. சிறைக் கைதி விடுதலைக்கு நாள் எண்ணலாம். பல நாடுகளில் இவருக்கு அதுகூட முடியாது.

"மருந்து கொடுக்கட்டும், சரி. படிப்பு, தோட்ட வேலை, கூடி உட்கார்ந்து பேச்சு, இதெல்லாம் எதற்கு? மாமியார் வீட்டு விருந்தா?" என்று வக்கீல் நண்பர் ஒருவர் கேட்டார். நான் அவருக்கு டாக்டர் வில்லியம் மைனரின் கதையைச் சொன்னேன்.

நம் ஊர்ப் பண்ணை வீட்டு மைனர் அல்ல. அமெரிக்க ராணுவத்தில் சர்ஜனாக இருந்தவர். இரவில் யாரோ அறைக்குள் புகுந்து வதைப்பதாக அவருக்குப் பிரமை. 1872-இல் லண்டனில், விடியுமுன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஜார்ஜ் மெரெட் என்ற தொழிலாளியை அந்த 'யாரோ' என்று எண்ணிச் சுட்டுக் கொன்றார். மெரெட்டின் மனைவி அப்போது கர்ப்பிணி.

மைனரைப் பிராட்மூர் மருத்துவமனையில் அடைத்தார்கள். அங்கே ஓர் அதிசயம் நடந்தது. கணவனைப் பறிகொடுத்த அந்தப் பெண்ணே அவரைப் பார்க்க வந்தாள், புத்தகங்களும் கொண்டுவந்தாள். ஆக்ஸ்போர்டு அகராதிக்குத் தொண்டர்கள் தேவை என்று அறிந்த மைனர், பழைய நூல்களைப் படித்து ஆயிரக்கணக்கான மேற்கோள்களை எழுதி அனுப்பினார். பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மர்ரே அவரைத் தேடி வந்து நண்பரானார்.

நோய் தீர்ந்ததா? இல்லை. பகலில் அகராதி, இரவில் அதே பிரமை. 1902-இல் தம் உடம்பையே வெட்டிக்கொண்டார். 1910-இல் தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்டு, 1920-இல் காலமானார். பிரமையைத் தணிக்கும் குளோர்புரோமசின் என்ற மருந்து மனநோய்க்குப் பயன்பட்டதே 1952-இல்தான். அவருக்கு வேலை இருந்தது, மனிதர்கள் இருந்தார்கள், மருந்து இல்லை. மருந்து மட்டும் இருந்து மற்றவை இல்லாதவர் நிலையும் பரிதாபமே. காதில் ஒலித்த குரல் ஓய்ந்ததும், தாம் செய்தது இன்னதென்று தெரிகிறதே! அந்தச் சுமையை எந்த மாத்திரை இறக்கிவைக்கும்?

மைனருக்கு ஓய்வூதியம் இருந்தது, படிப்பு இருந்தது. ஆகவே வேலையும் நட்பும் அதிர்ஷ்டம்போல் வாய்த்தன. ஏழை நோயாளிக்கு யார் வருவார்? அந்த அதிர்ஷ்டத்தை எல்லோருக்கும் முறையாகக் கொடுக்கும் முயற்சிதான் நண்பர் கேலி செய்த வைத்தியம். நோய் திரும்பும் அறிகுறியைத் தாமே கண்டுகொள்ளவும், கோபத்தை அடக்கவும், செய்ததை வாய்விட்டுப் பேசவும் கற்றுத் தருகிறார்கள். கைத்தொழில் பழக்குகிறார்கள். குடும்பத்தாரை அழைத்துப் பேசுகிறார்கள். முதலில் துணையோடும், பிறகு தனியாகவும் சிறிது நேரம் வெளியே அனுப்பிப் பார்க்கிறார்கள்.

இது கொன்றவர் மீது காட்டும் கருணை மட்டும் அல்ல. என்றைக்காவது கதவு திறக்கும்போது வெளியே வருகிறவர் யார் என்பது நம் எல்லோருடைய கவலை. இன்னொரு மெரெட் விடியுமுன் பயமில்லாமல் வேலைக்குப் போகவேண்டும். அதற்காகவும்தான் இந்த வைத்தியம்.