திண்ணைக்குப் போகும் லினக்ஸ் பொட்டி

லினக்ஸ்னா பாதுகாப்பு, வைரஸ் வராதுன்னு சொல்றவங்க எல்லாம் வாசக்கதவைப் பத்தியே பேசறாங்க. நான் சொல்ல வர்றது, நாமளே உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கிற ஆளுங்களைப் பத்தி.

எங்க குடியிருப்பு நூலகத்துக்கு ஒருத்தர் பழைய டெஸ்க்டாப் ஒண்ணை தானமா கொடுத்தார். உபுண்டு 16.04. கடைசியா அப்டேட் பண்ணினது 2018ல. பசங்க பத்து பேர் பைத்தான் பழகணும், ஆளுக்கொரு கணக்கு வேணும், வீட்டு லேப்டாப்லேர்ந்தும் எஸ்எஸ்எச்ல வரணும்னு என் தலையில கட்டிட்டாங்க. (ஐடி ஆளுன்னா பிரிண்டர் ரிப்பேர் வரைக்கும் தெரியும்னு ஒரு நம்பிக்கை. விடுங்க.)

"சூடோ உரிமை கொடுக்காம விட்டா போதுமே தம்பி"ன்னார், கொஞ்சம் விஷயம் தெரிஞ்ச செயலாளர். போதாது. சூடோவிலேயே 2011ல நுழைஞ்ச ஓட்டை ஒண்ணு 2021 ஜனவரியிலதான் வெளியே வந்தது. உரிமைப் பட்டியல்ல பேரே இல்லாதவன்கூட அது வழியா ரூட் ஆகலாம். பிகேஎக்ஸெக்ல இருந்த ஓட்டை இன்னும் பழசு. 2009லேர்ந்து இருந்து, 2022 ஜனவரியில மாட்டிச்சு. 2018ல தூங்கிப்போன பொட்டியில ரெண்டுமே திறந்து கிடக்கும். ரெடிமேட் நிரல் இணையத்துல இருக்கு, ஒன்பதாங்கிளாஸ் பையனுக்கு காப்பி பேஸ்ட் தெரிஞ்சா போதும்.

அதை விட என்னைக் கலக்கினது வேற. கொடுத்தவரோட ஹோம் ஃபோல்டர்ல பான் கார்டு ஸ்கேன், பேங்க் ஸ்டேட்மென்ட், பொண்ணோட சர்டிஃபிகேட் எல்லாம் அப்படியே இருந்தது. உபுண்டுவில 21.04 வர்ற வரைக்கும் ஹோம் ஃபோல்டரை மத்த பயனர்கள் யாரும் படிக்கலாம்ங்கறதுதான் இயல்பு அமைப்பு. ஹேக்கிங் எதுவும் வேண்டாம், ஃபோல்டரைத் திறந்தா போதும். ஃபோன் பண்ணினா, "எல்லாம் அழிச்சாச்சே சார்"ங்கறார். டெஸ்க்டாப் ஐகான்களை மட்டும் அழிச்சிருக்கார்!

ஓட்டையை ஒவ்வொண்ணா அடைக்கலாமான்னா, என் கருத்துல வேண்டாம். நடுவுல யார் என்ன பண்ணி வச்சாங்கன்னு தெரியாத பொட்டியை நம்பவே முடியாது. அவர் கோப்புகளை பென்டிரைவ்ல கொடுத்துட்டு, டிஸ்க் முழுக்க ஷ்ரெட் ஓட விட்டு, 24.04 புதுசா போட்டேன். 4 ஜிபி ராம்ல கொஞ்சம் மூச்சு வாங்குது, பரவால்ல. பாதுகாப்பு அப்டேட் தானா இறங்குதான்னும் பார்த்தாச்சு.

பொட்டி முன்னாடியே உட்காரப் போறாங்கங்கறதையும் மறக்கக் கூடாது. உபுண்டுவில ரூட்டுக்கு பாஸ்வேர்டு கிடையாது. அதனால கிரப் மெனுவில ரெகவரி மோட் போனா கேள்வியே கேட்காம ரூட் ஷெல் கொடுத்துடும். கிரப்புக்கு ஒரு பாஸ்வேர்டு, பயாஸுக்கு ஒண்ணு, யூஎஸ்பி பூட்டுக்குத் தடை. டாக்கர் வேணும்னு ஒருத்தன் கேட்டான். டாக்கர் குழுவில சேர்க்கறதும் ரூட் சாவியைக் கையில கொடுக்கறதும் ஒண்ணுதான், அதனால முடியாதுன்னுட்டேன்.

"எங்களை நம்பலையாண்ணா?"ன்னு மூஞ்சி தொங்கிப்போச்சு. "உன் ஹோமை பக்கத்து சீட்டுக்காரன் படிக்கலாமா?"ன்னு கேட்டேன். "ஐயோ, வேண்டாம்"னான்.

முதல் வாரமே எவனோ ஃபோர்க் பாம் போட்டுப் பார்த்தான். லிமிட்ஸ் ஃபைல்ல ஆளுக்கு இத்தனை ப்ராசஸ்னு கட்டி வச்சிருந்ததால அவன் கணக்கு மட்டும் திணறிச்சு, மத்தவங்க வேலை ஓடிட்டே இருந்தது. மறுநாள் அவனே வந்து, "எத்தனை வரைக்கும்ணா விட்டிருக்கீங்க?"ன்னான்.

500ன்னேன். எங்கே எழுதி வச்சிருக்கீங்கன்னு அடுத்த கேள்வி. ஃபைலைத் திறந்து காட்டினேன், படிக்க எல்லாருக்கும் உரிமை உண்டு :-)